நிமாலி எங்கே?

ஐந்து நட்சத்திர ஹோட்டல் என்றவுடன் எங்கட ஆக்கள் எல்லாருடைய தலைக்குள்ளும் ஒரே படம்தான் ஓடும். பளிங்குத் தரை, தொங்குகிற பெரிய கண்ணாடி விளக்கு, நீச்சல் தடாகம், கட்டிலின் நடுவில் துவாயில் செய்து வைத்த அன்னம். கலியாண வீடியோக்களும் இந்தியப் படங்களும் சேர்ந்து தந்த படம் அது. ஆனால் மாதத்தில் பத்து நாள் ஹோட்டலில் படுத்தெழும்புகிற ஒருவர் இதில் ஒன்றையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்தப் பெரிய விளக்குக்குக் கீழால் நேரே நடந்து வந்து, கவுண்டரில் அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "லிஃப்ட்டுக்குப் பக்கத்து றூம் இல்லைத்தானே?"

இது நாங்கள் புத்தகத்தில் படித்தது இல்லை. 2024 இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் பல்கலைக்கழகங்கள் இரண்டு மாதத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தபோது, கலைப்பீடத்துப் பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர் கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் காசுவலாக நின்றோம். ஒருத்தி பருத்தித்துறை, ஒருத்தி களுவாஞ்சிக்குடி, ஒருத்தி மஸ்கெலியா. மூன்று பேருக்கும் வெள்ளவத்தையில் ஒரே போர்டிங் அறை, ஒரு ஃபான், ஒரு பிளக் பொயின்ட். காலை ஏழு மணிக்கு சீருடையைப் போட்டால் மாலை மூன்றரை வரைக்கும் 14 றூம். எங்களைப் பழக்கியவர் கொட்டாஞ்சேனை அக்கா ஒருவர். அந்தத் தளத்தில் அவவுக்கு 17 வருடம்.

ஒருவருக்கு எது முக்கியம் என்பது அவர் நிரப்பித் தருகிற கருத்துப் படிவத்தில் தெரியாது. எல்லாருமே "நன்று" என்பதற்குப் புள்ளடி போட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் அவர் விட்டுவிட்டுப் போன அறை எல்லாவற்றையும் சொல்லும். முதல்தரம் வருகிறவரின் அறையில் எல்லாத் துவாயும் ஈரம். பழக்கூடை வெறுமை. குட்டி ஷம்பூ போத்தல்கள் பைக்குள் போயிருக்கும் (அதில் பிழை இல்லை, நாங்களும் அதைத்தான் செய்வோம்). அடிக்கடி வருகிறவரின் அறையைத் திறந்தால் வேறு காட்சி. பழம் அப்படியே இருக்கும். குளிர்சாதனப் பெட்டி இரவில் உறுமுகிறது என்று பிளக்கைக் கழற்றி விட்டிருப்பார். ரி.வி.யின் சின்னச் சிவப்பு வெளிச்சத்துக்கு மேலே பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். யன்னல் திரைச்சீலை இரண்டும் சந்திக்கிற இடத்தில் காற்சட்டை கொழுவுகிற ஹங்கரை எடுத்து அதன் கிளிப்பால் இறுக்கிப் பிடித்திருப்பார். அந்த நடுவிரல் அகல இடைவெளியால் விடிய ஆறு மணிக்கு வருகிற வெயில், கலையழகு மிக்க முழு அறையையும் தோற்கடித்துவிடும்.

அவர் காசு கொடுத்து வாங்குவது நித்திரை. மிச்சமெல்லாம் அதற்குப் பிறகுதான். உயரமான தளம் வேண்டும், தெரு கேட்கக்கூடாது. இரண்டு அறைக்கும் நடுவில் கதவு வைத்த றூம் வேண்டாம். அது பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு வசதி, தனியாக வருகிறவருக்கோ பக்கத்து அறையின் கிரிக்கெட் வர்ணனை அந்தக் கதவுக்குக் கீழால் வரும். தலையணை ஒன்று மெத்தென்று, ஒன்று இறுக்கமாக. ஏசியைத் தானே கூட்டிக் குறைக்க முடியவேண்டும். கட்டிலின் மேலே அடுக்கி வைக்கிற அந்த அலங்காரக் குஷன்கள் இருக்கிறதே, அதை ஒவ்வொரு நாளும் நாங்கள் அடுக்குவோம், ஒவ்வொரு நாளும் அவர் எடுத்து அலுமாரிக்குள் எறிவார். ஹோட்டலில் யாருக்குமே பயன்படாமல், எங்கட நேரத்தை மட்டும் தின்கிற பொருள் என்றால் அதுதான்.

கட்டில் வியாபாரம் ஆன கதையும் சுவாரசியமானது. 1999 இல் அமெரிக்காவின் வெஸ்டின் ஹோட்டல்கள் "ஹெவன்லி பெட்" என்று, அதாவது சொர்க்கக் கட்டில் என்று, கட்டிலுக்கே பெயர் வைத்து விற்கத் தொடங்கின. பூப்போட்ட கட்டில் விரிப்பை எடுத்துவிட்டு, தடித்த மெத்தை, மேலே எல்லாமே வெள்ளை. மற்றக் கொம்பனிகள் பின்னால் ஓடின. இன்று கொழும்பிலும் சரி, யாழ்ப்பாணத்திலும் சரி, நல்ல ஹோட்டல் என்றால் வெள்ளைக் கட்டில்தான். வெள்ளையில் கறை ஒளிக்க இடமில்லை, பார்த்தவுடன் சுத்தம் தெரியும், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வெளுக்கலாம். விருந்தினருக்கு அது நம்பிக்கை. எங்களுக்கு, அந்தத் தடித்த மெத்தையின் நாலு மூலையையும் தூக்கித் தூக்கி ஷீட் சொருகினால் பின்னேரம் நாரி நிமிராது.

இதற்கு முதலே, 1908 இல், எல்ஸ்வேர்த் ஸ்டாட்லர் என்பவர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஒரு ஹோட்டல் திறந்தார். வியாபாரத்துக்காக ஊர் ஊராய் அலைகிறவர்களைக் குறிவைத்துக் கட்டிய ஹோட்டல். ஒவ்வொரு அறைக்கும் தனிக் குளியலறை, அறைக்குள்ளேயே தொலைபேசி, கதவைத் திறந்தவுடன் கைபடுகிற இடத்தில் லைட் சுவிச். இருட்டு அறைக்குள் பெட்டியோடு தடவித் திரியத் தேவையில்லை. ஸ்டாட்லர் சின்ன வயதிலேயே ஹோட்டலில் பெல்போயாக நின்றவர். அலுத்துப்போய் வருகிற மனிதனின் கை முதலில் எங்கே போகும் என்று பெட்டி தூக்கினவனுக்குத்தானே தெரியும்.

இன்றைக்கு அந்தக் கை போவது பிளக் பொயின்ட்டுக்கு. கட்டிலில் படுத்தபடி போனை சார்ஜ் போட முடியாத அறை, எத்தனை நட்சத்திரம் இருந்தாலும், அடிக்கடி வருகிறவருக்குப் பழைய அறை. காட் சொருகினால்தான் கரண்ட் வரும் என்கிற பெட்டிக்குள் யாரோ ஒருவரின் விசிட்டிங் காட் நின்றால், அவர் அனுபவசாலி என்று எழுதிக்கொள்ளலாம். சவர் தண்ணி வேகமாக வரவேணும், சுடுதண்ணி உடனே வரவேணும். இதில் விளக்க ஒன்றுமில்லை.

நேரமும் அப்படித்தான். மத்திய கிழக்கிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கட்டுநாயக்காவுக்கு வருகிற விமானங்கள் பல விடியப்புறத்தில் வந்து இறங்கும். அறை தருவதோ பகல் இரண்டு மணிக்கு. அந்த எட்டு மணித்தியாலத்தையும் லொபிக் கதிரையில் கழிக்க விடாமல், விடிய ஆறு மணிக்கே "உங்கட றூம் ரெடி" என்று திறப்பைக் கொடுக்கிற ஹோட்டலை அவர் விடவே மாட்டார். அது ரெடியாவதற்கு யாரோ ஒருத்தி விடிய நாலு மணிக்கு ஸ்டாஃப் வான் ஏறியிருப்பாள். அது அவருக்குத் தெரியத் தேவையில்லை. தெரியாமல் இருப்பதும் அவர் வாங்குகிறவற்றில் ஒன்று.

தெரியாமல் இருப்பது, காணாமல் இருப்பது. இதற்காகவே அந்தக் காலத்து ஸ்டாட்லர் ஹோட்டல்களில் "செர்விடோர்" என்று ஒரு கதவு இருந்தது. கதவுக்குள்ளேயே ஒரு குட்டி அலுமாரி, உள்ளுக்கும் வெளியுக்கும் தனித்தனித் திறப்பு. விருந்தினர் உள்ளிருந்து அழுக்கு உடுப்பை வைப்பார், வேலையாள் வெளியிலிருந்து எடுப்பார், தோய்த்து ஸ்திரி போட்டு அதே வழியால் திரும்பி வைப்பார். ஒருவர் முகம் ஒருவர் பார்க்கத் தேவையில்லை. இன்றைக்கு அதற்குப் பதிலாகக் கதவில் "தொந்தரவு செய்யவேண்டாம்" அட்டை. பின்னேரம் ஆறு மணிக்குக் கதவைத் தட்டி, போர்வையை மடித்து, தலையணையில் சொக்கிலட் வைத்துவிட்டு வருகிற சேவை புதிதாய் வருகிறவர்களுக்குப் பெரிய சந்தோசம். அடிக்கடி வருகிறவர் கதவை அரைவாசி திறந்து, "வேண்டாம், நன்றி" என்பார். அவருக்கு சொக்கிலட்டை விடக் கதவு மூடியிருப்பது பெரிது.

இங்கே எங்கட வீட்டு ஆக்களைப் பற்றிச் சொல்லாமல் போக ஏலாது. அவர்களும் அடிக்கடி பயணம் செய்தவர்கள்தான். பாஸ்போர்ட், எம்பசி, ஏஜென்சி, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி. இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜ்களில் தங்கினார்கள். எங்களில் ஒருத்தியின் அப்பாவிடம் கேட்டோம், நல்ல லொட்ஜ் எண்டா என்ன அப்பா? கட்டில், தண்ணி, மூட்டைப்பூச்சி என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தோம். அவர் யோசிக்கவேயில்லை.

"பொலிஸ் வந்தா முதலாளி எங்களுக்காகக் கதைக்கவேணும். அதுதான் நல்ல லொட்ஜ்."

2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலை கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். கொழும்பில் நிற்க "தகுந்த காரணம்" இல்லையாம். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். எங்களுக்கு அப்போது ஐந்து வயதுகூட ஒழுங்காக ஆகியிருக்காது. ஆனால் "எப்ப வந்தனீங்கள், ஏன் வந்தனீங்கள், எப்ப போறீங்கள்" என்ற மூன்று கேள்விகளும் எங்கட வீடுகளில் ஒரு பாட்டு மாதிரிப் பாடமாக இருந்தன. அப்பாமார் பஸ்ஸில் வரும்போதே மறுமொழியைச் சரிபார்த்துக்கொண்டுதான் வருவார்கள்.

பெரிய ஹோட்டலிலும் பாஸ்போர்ட்டை வாங்குவார்கள், விபரம் எழுதுவார்கள். "ஏன் வந்தனீங்கள்" மட்டும் இல்லை. அந்த இடத்தில் "திரும்ப உங்களைக் காண்பதில் மகிழ்ச்சி" என்று ஒரு வசனம் இருக்கும். முதல் கிழமை இதைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று கேட்டபோது எங்களுக்கு என்னவோ போல இருந்தது. 2019 ஏப்ரல் 21 காலையில் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களில் குண்டு வெடித்தது, சாப்பிட வந்தவர்களோடு சாப்பாடு பரிமாறியவர்களும் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு எல்லா இடமும் ஸ்கானர், பை சோதனை. விருந்தினருக்கு அது ஒரு புன்னகையோடு பத்து செக்கன். ஸ்டாஃப் வாசலில் எங்களை உள்ளே போகும்போதும் சோதிப்பார்கள், வெளியே வரும்போதும் சோதிப்பார்கள்.

லொட்ஜிலும் ஒரு கொப்பி இருந்தது, யார் வந்தார், எங்கிருந்து வந்தார் என்று. இங்கேயும் கம்பியூட்டரில் ஒரு கொப்பி. விருந்தினர் புரொஃபைல் என்பார்கள். எந்தத் தலையணை, எந்தப் பேப்பர், எந்தத் தளம். ஒரு கொப்பி ஆளைப் பிடிப்பதற்கு, மற்றது ஆளைப் பிடித்து வைத்திருப்பதற்கு. அடிக்கடி பயணம் செய்கிறவர் எல்லாவற்றையும் விட மேலாக மதிப்பது இந்த இரண்டாவது கொப்பியைத்தான் என்று நினைக்கிறோம். தனியாக விடவேண்டும், ஆனால் மறக்கக்கூடாது. திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக்கூடாது. வருடத்தில் நூறு இரவு யாரோ ஒருவருடைய கட்டிலில் படுக்கிற மனிதருக்கு, தன்னைத் தெரிந்த ஒரு இடம் தேவைப்படுகிறது.

அந்தக் கொப்பியில் இருப்பதெல்லாம் யாருடைய தலைக்குள் இருந்து வருகிறது என்பதுதான் எங்களுக்கு நிமாலியால் விளங்கியது.

காசுவல் ஆக்களுக்குப் புதிதாகப் பெயர் பட்ஜ் அடிக்கமாட்டார்கள். விலகிப்போனவர்களுடையது ஒரு லாச்சிக்குள் கிடக்கும், அதிலிருந்து ஒன்றை எடுத்துக் குத்தவேண்டும். மஸ்கெலியாக்காரிக்குக் கிடைத்தது "நிமாலி". இரண்டு மாதமும் அவள் நிமாலிதான். எங்களுக்கு அது நல்ல பகிடி. போர்டிங்கிலும் நிமாலி என்றே கூப்பிட்டோம்.

716 இல் ஒருவர் வருவார். தேயிலை ஏலத்தோடு சம்பந்தப்பட்ட வெளிநாட்டுக்காரர், அறுபது வயது இருக்கும். ஹோட்டலின் தேயிலைப் பைகளைத் தொடமாட்டார். சொந்தத் தூள், சின்ன ரின் ஒன்றில். முதல்நாள் மேசையில் சிந்திக் கிடந்ததைத் துடைக்கும்போதே மஸ்கெலியாக்காரி விரலில் எடுத்துப் பார்த்துச் சொன்னாள், "பி.ஓ.பி.எஃப்." அம்மா கொழுந்து எடுக்கிறவ, வீட்டில் குடிப்பது டஸ்ட். அவருக்காக அக்கா பன்றியிலிருந்து ஒரு பீங்கான் தேத்தண்ணிப் போச்சியும் ஒரு வடியும் எடுத்து வைப்பா. அது எந்தப் பட்டியலிலும் இல்லை.

மூன்றாம் நாள் அவர் அறையில் இருக்கும்போதே இவள் துவாயோடு போயிருக்கிறாள். பட்ஜைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "நீங்கள் நிமாலி இல்லை," என்றார் ஆங்கிலத்தில். "நிமாலி எங்கே?"

நிமாலி மாலைதீவுக்குப் போய் ஒன்றரை வருடம். 2022 நெருக்கடிக்குப் பிறகு எங்கட ஹோட்டல்களிலிருந்து மாலைதீவுக்கும் டுபாய்க்கும் கட்டாருக்கும் போன ஆக்கள் கொஞ்ச நஞ்சமில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, வடியை யார் வைத்தது என்று கேட்டார். பிறகு இவளுடைய பெயரைக் கேட்டார். சொன்னாள். இரண்டுதரம் சொல்லிப் பார்த்தார், வரவில்லை. போகும்போது தலையணைக்குக் கீழே 1,000 ரூபாயோடு ஒரு துண்டு: "நிமாலி அல்லாதவருக்கு." அன்றைக்கு முழுக்கச் சிரித்தோம். ஆனால் அந்த ஹோட்டலில் அந்த பட்ஜில் இருந்த பெயரையும் அதற்குப் பின்னால் இருந்த முகத்தையும் சேர்த்துப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

சமூகவியல் பாடத்தில் "உணர்வு உழைப்பு" என்ற சொல்லைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருந்தோம். ஆர்லி ஹொக்ஷீல்ட் 1983 இல் எழுதியது. டெல்டா விமானப் பணிப்பெண்களுக்குச் சிரிக்கப் பயிற்சி கொடுத்ததைப் பார்த்து, சிரிப்பும் ஒரு வேலைதான், அதையும் கொம்பனி வாங்குகிறது என்று சொன்னவர். அவர் சொன்னது சரி. ஆனால் நாங்கள் பார்த்த மட்டில் சிரிப்பைப் பழக்கி எடுக்கலாம், இரண்டு நாளில் எங்களுக்கே வந்துவிட்டது. ஞாபகத்தைப் பழக்க முடியாது. அதற்கு ஒரே ஆள் ஒரே தளத்தில் வருடக்கணக்காக நிற்கவேண்டும். நிற்பதற்கு நிற்கிற மாதிரிச் சம்பளம் வேண்டும்.

ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் ஒரு விருந்தினரின் பிரச்சினையைத் தீர்க்க, மேலதிகாரியிடம் கேட்காமலே, எந்த ஊழியரும் 2,000 டொலர் வரை செலவழிக்கலாம் என்று ஒரு விதி பிரசித்தம். நாங்கள் நின்ற இடத்தில் ஒரு தண்ணிப் போத்தல் கூடக் கொடுக்க சூப்பவைசரின் சைன் வேண்டும். எங்கட நாள் சம்பளமும் 2,000 தான், ரூபாயில். பில்லில் சேர்க்கிற 10 சதவீத சேவிஸ் சார்ஜ் காசுவல் ஆக்களுக்கு வராது. மெத்தை மாற்றக் காசு இருந்தது, லொபியில் பூ மாற்ற ஒவ்வொரு நாளும் காசு இருந்தது. வருகிறவர் அடுத்தமுறையும் வருவது யாருக்காகவோ, அந்த ஆளுக்குத்தான் இருக்கவில்லை. அப்படியானால் நிமாலி போனதில் என்ன ஆச்சரியம்?

வேலைநிறுத்தம் முடிகிற கிழமை அக்கா எங்களைப் பகல் சாப்பாட்டு நேரத்தில் லினன் அறைக்குக் கூப்பிட்டா. புதிய சூப்பவைசர் எல்லாரையும் விருந்தினர் விபரங்களைக் கம்பியூட்டரில் ஏற்றச் சொல்லியிருந்தாராம். அக்காவுக்கு ஆங்கிலம் கதைக்கத் தெரியும், எழுத வராது. "நான் சொல்லுறன், நீங்க எழுதுங்க," என்றா. எழுதினோம். 702, இடது கை, லாம்பை மற்றப் பக்கம் மாத்தணும். 709, அம்மா செத்தது போன வருசம், அவரிட்ட குடும்பத்தைப் பத்திக் கேக்கவேணாம். 711, நாய்க்குட்டிப் படம் ஒண்டு கொண்டு வருவார், அதைத் தொடவேணாம். 716, குஷன் வேணாம், போச்சி, வடி. 720, ராவில பயம், குளியலறை லைட்டை விட்டிட்டு வரணும்.

சி.ஆர். கொப்பியில் பதினொரு பக்கம் வந்தது. எந்தப் பக்கத்தையும் பார்க்காமல்தான் சொன்னா. மூன்று மணிக்கு, இதை இப்ப கம்பியூட்டரில் ஏற்றுவமா அக்கா என்று கேட்டோம்.

அக்கா கொப்பியை வாங்கி, தாள்களைப் புரட்டிப் பார்த்தா. அவவின் மாலைதீவு விசாவும் வர இருந்தது, அது எங்களுக்குத் தெரியும். முதல் இரண்டு பக்கத்தை மட்டும் கிழித்து எங்களிடம் தந்தா.

"இதை ஏத்துங்க. தலையணை, பேப்பர், அந்தளவு அவங்களுக்குப் போதும்."

மிச்சக் கொப்பியை உடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஸ்டாஃப் வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு, மூன்றரை பஸ்ஸுக்கு இறங்கிப் போனா.